ஸ்டோர் அறைச் சத்தம்

"அவரு போட்டிருக்கிறது மூணு எடத்துல தச்ச செருப்பு. ஆனா கேட்டுல நின்னுக்கிட்டு நம்ம கால்ல சப்பாத்து இருக்கான்னுதான் பாப்பாரு," என்றாள் நாகலெட்சுமி.

ஜெயந்தினிக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டில் நின்ற வாத்தியார் நடராசா சேரின் சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு ரோஸ் நிறக் கடுதாசி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அது அவள் எழுதியது.

காலைக் கூட்டம் முடிந்ததும் அவர் அவளைக் கூப்பிட்டார்.

"பள்ளிக்கூடம் விட்டாப் பிறகு ஸ்டோர் அறைக்கு வாரும்."

அவ்வளவுதான் சொன்னார்.

எல்லாம் சனிக்கிழமை டீவியில் சிங்களத்தில் ஓடுகிற ஜப்பான் கார்ட்டூனால் வந்த வினை. அதில் ஒரு பள்ளிக்கூடப் பெண், தனக்குப் பிடித்த பையனின் சப்பாத்துக்குள் கடிதம் வைப்பாள். கடிதம் வேறு யார் கைக்கோ போய்விடும். அவள் நெற்றியில் குடம் அளவுக்கு ஒரு வியர்வைத் துளி வழியும். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அடுத்த சனிக்கிழமை எல்லாம் சரியாகிவிடும்.

ஜெயந்தினியின் வகுப்பில் நிரஞ்சன் இருந்தான். பள்ளிக்கூடத்துக்கு முதல் ஆளாக வருவான், கடைசி ஆளாகப் போவான். கார்ட்டூன் கதாநாயகனும் அப்படித்தான். நேற்றுக் கடைசிப் பாடம் கொம்பியூட்டர். அறை வாசலில் அவன் கழற்றி வைத்த வலது சப்பாத்துக்குள் அவள் கடுதாசியைச் செருகினாள். மணி அடித்தபோது நல்ல மழை. அவன் சப்பாத்து இரண்டையும் கையில் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான்.

இங்கே யாரும் சிரிக்கப் போவதில்லை. போன வருஷம் இதே பள்ளிக்கூடத்து வீரம்மா ஒரு பையனுக்கு எழுதிய கடுதாசி பிடிபட்டது. அடுத்த கிழமையே அவள் கொழும்பில் யாரோ ஒருவர் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். என் மகள் இப்படிச் செய்தால் நானும் அதைத்தான் செய்வேன் என்று ஜெயந்தினியின் அப்பா மாயாண்டி அன்றைக்கே சொல்லியிருந்தார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

அன்று எந்தப் பாடமும் அவள் காதில் விழவில்லை. கடைசி மணி அடித்தது. நாகலெட்சுமி கேட்டடியில் காத்து நிற்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஸ்டோர் அறை பள்ளிக்கூடத்தின் பின்னால் இருந்தது. பள்ளிக்கூடம் விட்ட பிறகு அங்கிருந்து படார் படார் என்று சத்தம் வரும். நடராசா சேர் கதவைச் சாத்திக்கொண்டு பையன்களை அடிக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அடி வாங்குகிறவர்கள் அழுகிற சத்தம் மட்டும் கேட்டதில்லை. வாயையும் பொத்திவிடுவார் போல என்று பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள்.

அவள் போனபோது நிரஞ்சன் அந்த அறையிலிருந்து வெளியே வந்தான். அவளைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, வெறுங்காலோடு தோட்டத்துத் தேயிலைச் செடிகளுக்குள் இறங்கி நடந்தான்.

இவன்தான் காட்டிக்கொடுத்துவிட்டான், என்று நினைத்தாள்.

உள்ளே படார் என்று ஒரு சத்தம். அவள் கதவுக்கு வெளியே நின்றுவிட்டாள். இன்னொன்று. பிறகு தொடர்ந்து இன்னும் சில.

"வாரும் உள்ளுக்க."

கதவைத் தள்ளினாள். சேரின் கையில் பிரம்பு இல்லை. இரண்டு கையிலும் சேறு பிடித்த வெள்ளைச் சப்பாத்துகள். ஒன்றோடு ஒன்றை அடித்துச் சேற்றை உதிர்த்துக்கொண்டிருந்தார். சுவரோடு அடித்திருந்த பலகைத் தட்டில் இன்னும் பத்துப் பதினைந்து சோடிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் பழைய பேப்பர் அடைத்திருந்தது.

அவர் பையிலிருந்து கடுதாசியை எடுத்தார்.

"ஈரம் காயிறதுக்குப் பேப்பர் அடைக்கேக்க, இது என்ர கையில அம்பிட்டது. அந்தப் பொடியன் இதைக் காணேல்ல. உம்மட கையெழுத்து எனக்குத் தெரியும்."

"அப்பாகிட்ட சொல்லிறாதீங்க சேர். என்னையக் கொழும்புக்கு அனுப்பிருவாங்க."

"நான் சொல்லமாட்டன். நீரும் சொல்லப்படாது."

"நான் என்னத்த சேர் சொல்லப்போறேன்?"

அவர் தட்டைக் காட்டினார்.

"சப்பாத்து வாங்க வழியில்லாத பொடியங்கள் காலமை வந்து போட்டுக்கொண்டு போறாங்கள். பின்னேரம் கொண்டுவந்து வைக்கிறாங்கள். இது இரவல் சப்பாத்தெண்டு வெளியில ஒருத்தருக்குத் தெரிஞ்சாலும், நாளைக்கு ஒரு பொடியனும் தொடமாட்டான். வெக்கத்தில பள்ளிக்கூடத்துக்கும் வரமாட்டான்."

ஜெயந்தினி அவர் காலில் இருந்த செருப்பைப் பார்த்தாள். மூன்று இடத்தில் தைத்திருந்தது.

கடுதாசியை அவர் நாலாகக் கிழித்துக் கசக்கி, ஓர் ஈரச் சப்பாத்துக்குள் திணித்தார்.

"போம். கதவைச் சாத்திப்போட்டுப் போம்."

கேட்டடியில் நாகலெட்சுமி முகம் வெளுத்து நின்றாள்.

"ரொம்ப அடிச்சிட்டாராடி?"

ஜெயந்தினி இரண்டு கையையும் பொத்தி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"ம்."

"எத்தன அடி?"

"எண்ணல. இங்க சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சே. எட்டு."

"அப்ப எட்டுதான்," என்றாள் ஜெயந்தினி.