ஊருக்குள்ளேயே தங்கலாம்

ஓரிகன் கடற்கரைச் சாலையின் வரைபடத்தை மேசைமேல் விரித்தாள் ரோவீனா. வாடகைக்கு எடுத்த கேரவன் வாசலில் தயாராக நின்றது.

"முதல் நாள் இந்தக் காட்டுல தங்கலாங்க. கதவைத் திறந்தா கடலு!"

"வேணாம். நியூபோர்ட் ஊருக்குள்ளயே தங்கிடலாம். துணி துவைக்கணும்ல?" என்றார் அவள் கணவர் ஹார்லன்.

"முதல் நாளே என்னங்க அழுக்குத் துணி?"

அடுத்த இடத்துக்கும் அவர் ஊரையே சொன்னார். சமையல் கேஸ் தீர்ந்துவிடும் என்றார். அதற்கடுத்து, மழை வரும் என்றார். இப்படிப் பொய் சொல்ல அவருக்கே கூசியது. சண்டைக்கு வருவாள் என்று பயந்தால், அவளோ எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அது அவரை இன்னும் கலக்கியது.

போர்வைகளை அடுக்கக் கேரவன் அலமாரியைத் திறந்தார் ஹார்லன். உள்ளே கட்டுக்கட்டாக நோட்டீஸ்கள். 'காணவில்லை' என்பதற்குக் கீழே படத்தில் மகள் பிரின் சிரித்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடங்களுக்கு முன், "நீ என் மகளே இல்ல, போ!" என்று அவளுக்கு வாசலைக் காட்டியவர் அவர்தான்.

"திட்டுவீங்கன்னுதான் சொல்லல," என்றாள் பின்னால் வந்து நின்ற ரோவீனா.

ஹார்லன் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். வழியிலுள்ள ஒவ்வொரு ஊரிலும் வீடற்றவர்கள் தங்கும் விடுதிகளின் முகவரி, அவர் கையெழுத்தில் வரிசையாக இருந்தது.