சாம்பிள் சட்டை

ஆரணி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய டி-ஷர்ட் பிரிண்டிங் கடையில் பகல் வெயில் வாசல்படிவரை வந்து நிற்கிறது. குடும்பத்தோடு குலதெய்வம் கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போக, முதுகில் அவரவர் பெயரோடு ஆளுக்கொரு சட்டை அடிக்க வந்திருக்கிறார் சேவூர் நெசவாளர் சின்னக்கண்ணு. நிறம் காட்டக் கொண்டுவந்த போன வருஷச் சட்டையை, பட்டு நூலில் சாயம் பார்ப்பதுபோல வெயிலில் தூக்கிப் பிடிக்கிறார். அதன் முதுகில் 'மோனிஷா' என்று மினுங்குகிறது. அச்சுக்குப் போகுமுன் பெயர்களைச் சரிபார்ப்பது கடை நடத்தும் ஸ்ருதியின் வழக்கம். "போன வருஷ ஃபைல்ல பன்னெண்டு பேருங்க. நீங்க எழுதிக் குடுத்ததுல மோனிஷா இல்லியே?" "எம் பொண்ணுதான். வேற ஜாதிக்காரனக் கட்டிக்கினு போயிட்டா. எடுத்துடும்மா. கலர் மட்டும் இதே மாதிரி வரணும். பாத்துட்டு இத மிஷின் தொடைக்க வெச்சுக்க." ஸ்ருதி பெயரை நீக்குகிறாள். கம்ப்யூட்டர் திரையில் கீழிருந்த பெயர்கள் ஒரு வரி மேலேறி அந்த இடத்தை மூடிக்கொள்கின்றன. கூட வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி தேவகி எழுந்துவந்து அவர் கையிலிருந்து சட்டையை உருவுகிறாள். தன்மேல் வைத்துத் தோளுக்குத் தோள் அளவு பார்க்கிறாள். "என் பேரையும் எடுத்துடும்மா," என்கிறாள். "கோயிலுக்கு நான் இதையே போட்டுகினு வரேன்."