தினமும் ஒரு தப்புக் கணக்கு

"தொண்ணூத்தெட்டை ஏழால பெருக்கினா எழுநூத்திப் பதினாலு. சரியாம்மா?"

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் திரும்பினாள். கணவன் இறந்ததிலிருந்து அவள் வேலைக்குப் போகவில்லை, யாரோடும் பேச்சில்லை. ஆனால் தப்புக் கணக்கைக் கேட்டால் கணக்கு டீச்சரின் வாய் சும்மா இருக்காது.

"நூறுன்னு வச்சுக்கோ. எழுநூறு. அதுல ரெண்டேழு பதினாலைக் கழிக்கணும். நீ கூட்டியிருக்கே."

"ஆமால்ல" என்றாள் மகள்.

தினமும் இதே தப்பு. பெண் மக்காகிவிட்டாளே என்ற கவலைகூட வரவில்லை. எல்லாம் மரத்துப் போயிருந்தது.

மறுநாள் மகளின் வகுப்பு டீச்சர் பார்க்க வந்தார். "மனக்கணக்குல உங்க பொண்ணுதான் முதல். நூறுன்னு வச்சுக் கழிக்கிறதை மத்த பிள்ளைங்களுக்கே அவதான் சொல்லித் தர்றா."

மாலையில் மகள் வந்து நின்றாள். "தொண்ணூத்தேழை எட்டால பெருக்கினா எண்ணூத்தி இருபத்துநாலு. சரியாம்மா?"

அவள் மகளையே பார்த்தாள்.

"தப்பு. பக்கத்துல உக்காரு, சொல்லித் தர்றேன்."