இரண்டாவது சரணத்தில் ஒரு விம்மல்

ரேடியோவில் விமர்சகர் அதை விம்மல் என்று சொன்னதும் பாடகி ஸ்டுடியோ சோபாவிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்தாள்.

விழுந்த இடத்திலேயே கிடந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில் சவுண்ட் இன்ஜினியர், வாயில் இருந்த டீயை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் தவித்தான்.

அது விம்மலே இல்லை. அடக்கப் பார்த்து அடங்காமல் போன சிரிப்பு.

முதல் ஆல்பம் முழுக்க அழுகை. காதலித்தவன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட, இவள் அழுது அழுது பாடினாள். ஊரே கூடச் சேர்ந்து அழுதது. பேர் தெரியாத அந்தப் பாவியைத் திட்டாத வாயில்லை.

இரண்டாவதும் அதே மாதிரி வேண்டும் என்று கம்பெனி முதலாளி சொல்லிவிட்டார். இது ஓடவில்லையென்றால் பாட்டை மூட்டை கட்டிவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டியதுதான் என்பதையும் தேன் ஒழுகச் சொன்னார்.

வம்பு என்னவென்றால், பாடகிக்கு அழுகை வரவில்லை. கொஞ்ச மாதமாக அவள் அநியாயத்துக்குச் சந்தோஷமாக இருந்தாள். பல் தேய்க்கும்போதே சிரிப்பு வந்தது.

வெங்காயம் நறுக்கிவிட்டுப் பாடிப் பார்த்தாள். பட்டினி கிடந்து பாடிப் பார்த்தாள். சின்ன வயதில் செத்துப்போன நாய்க்குட்டியை நினைத்துப் பார்த்தாள். அது நினைவிலும் வாலைத்தான் ஆட்டியது.

பயம் மட்டும் நிஜமாக இருந்தது. சந்தோஷம் வந்து குரலைத் தின்றுவிட்டதோ, இரண்டில் ஒன்றைத்தான் தன்னால் வைத்துக்கொள்ள முடியுமோ என்று உள்ளுக்குள் நடுங்கினாள்.

கடைசிப் பாட்டை எத்தனை தடவை எடுத்தும் இரண்டாவது சரணத்தில் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கெடு முடிந்துவிட்டது. இருப்பதிலேயே குறைவாகச் சிரித்ததை அனுப்பிவிட்டு, இரண்டு பேரும் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள்.

இப்போது விமர்சகர் தழுதழுக்கிறார். இப்படியொரு வலியை இந்தத் தலைமுறை கேட்டதில்லையாம். தொண்டைக்குள் அமுங்கிப் போகும் அந்த ஒரு விம்மலுக்கு எதை வேண்டுமானாலும் எழுதி வைக்கலாமாம்.

அம்மா அழுதுகொண்டே போன் செய்தாள். இன்னுமா அவனை மறக்கவில்லை என்று கேட்டாள். அவன் மட்டும் கையில் கிடைத்தால் தோலை உரித்துவிடுவதாகச் சொன்னாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அறை முழுக்கக் கேட்டது. இன்ஜினியர் ஏற்கெனவே சுருட்டி வைத்திருந்த வயரை அவிழ்த்து மறுபடி சுருட்டினான்.

பாடகி ஒருவழியாக அம்மாவைச் சமாதானப்படுத்தி வைத்தாள்.

அடுத்து முதலாளி. ஆல்பம் பிய்த்துக்கொண்டு போகிறதாம். மூன்றாவதற்கு நாளைக்கே வேலையைத் தொடங்கலாமாம். ஒரே ஒரு நிபந்தனை, அந்த விம்மல் எல்லாப் பாட்டிலும் வேண்டுமாம்.

அவள் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள். போனை வைத்ததும் சுழல் நாற்காலியில் ஏறிக்கொண்டாள், இன்ஜினியர் அவளை அறை முழுக்கத் தள்ளிக்கொண்டு ஓடினான். தலை சுற்றி, மூச்சு வாங்கி, சுவரில் இடித்து நின்றார்கள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“அவ்வளவு சோகத்துக்கு நான் எங்கடா போவேன்?”

இன்ஜினியர் நாற்காலியைப் பிடித்தபடி கொஞ்சம் யோசித்தான்.

“வேணும்னா, மறுபடியும் ஒருதடவை உன்னை விட்டுட்டுப் போகட்டுமா?”

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து போய்க் கதவை உள்பக்கம் பூட்டினாள். சாவியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அதற்கப்புறம்தான் சிரித்தாள்.