மயில் வாய் திறக்கவில்லை

பொற்கொடி கணினியில் ஒரு விளையாட்டைச் செய்துகொண்டிருந்தாள். அதில் ஒரு மயில். மழை பெய்தால் ஆடும். மழையைப் பெய்யவைத்தது ஒரு பழைய லைப்ரரி, அதாவது யாரோ எப்போதோ எழுதிவைத்த நிரல். புதிதாக வந்த இன்னொரு லைப்ரரி வெயிலைக் கொடுத்தது. விளையாட்டை உருவாக்கும் மென்பொருளான எடிட்டருக்குள் இருந்தவரை இரண்டும் சண்டையில்லாமல் இருந்தன.

விளையாட்டைப் போனுக்கு அனுப்ப பில்டு கொடுத்த, அதாவது எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகக் கட்டச் சொன்ன அன்றுதான் வினை வந்தது. இரண்டு லைப்ரரியும் காற்று என்ற ஒரு துணைக் கோப்பை நம்பியிருந்தன; மழைக்கு அதன் பழைய பதிப்பு வேண்டும், வெயிலுக்குப் புதியது. போனுக்குள் ஒரு காற்றுக்குத்தான் இடம். மூன்று முறை முயன்றும் திரை முழுக்கச் சிவப்பு எழுத்துகளில் பிழைகள்.

எடிட்டர் எல்லோரிடமும் சொன்னது: "மழையை எடுத்துடப் போறாங்க. மழை இல்லாம முடியாதுன்னு யாராவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

மழை மயிலைப் பார்த்தது. "நீ ஒரு வார்த்தை சொல்லு மயிலு. நான் இல்லாம உனக்கு ஆட்டம் வராதுன்னு சொல்லு."

சொன்னால் மறுபடியும் சிவப்பு வரும், போனுக்குப் போகும் பயணம் நின்றுவிடும் என்று மயிலுக்குத் தெரியும். அது குனிந்து இறகைக் கோதிக்கொண்டது.

"சரி, நல்லபடியா போயிட்டு வா" என்றது மழை.

பொற்கொடி மழையை அழித்தாள். நான்காவது முறை ஒரு பிழையும் இல்லை.

போனில் வெயில் அழகாக விழுந்தது. மயிலின் ஒவ்வோர் இறகும் மின்னியது. ஒரு சிறுமி திரையைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டாள்:

"இந்த மயில் ஏம்மா வானத்தையே பார்த்துக்கிட்டு நிக்குது?"