மூன்று பச்சை

மதியத்திலேயே மங்கிவிட்ட வெளிச்சத்தில் ஜன்னல் கண்ணாடி ஈயம்போல் தெரிகிறது. தூத்துக்குடி துறைமுகத்துக்கு எதிர்மாடியில் அமர்ந்து, நாட்டுப்படகுக்காரர்களுக்குக் காற்றுநிலை சொல்லும் தன் இணையதளத்தை நுஸ்ரத் திரும்பத் திரும்பத் திறக்கிறாள். பச்சை. பச்சை. சிவப்பு. மறுபடியும் பச்சை. அவள் விரல் அப்படியே நின்றுவிடுகிறது. ஒரே கணினிக்குள் அவள் ஓடவிட்ட சர்வர் நிரல்கள் நான்கு. முன்னால் நிற்கும் ப்ராக்ஸி, வருகிறவர்களை அந்த நான்குக்கும் பிரித்து அனுப்புகிறது. சாப்பிடப் போகுமுன் அவள் ஏற்றிய புயல் எச்சரிக்கையையும் அது ஒன்றுக்குத்தான் அனுப்பியிருக்கிறது. ஒரே ஒரு முறை திறந்து பார்த்தாள், சிவப்பு வந்தது, நிம்மதியாக எழுந்து போய்விட்டாள். மற்ற மூன்றும் காலைக் காற்றையே நினைவில் வைத்துக்கொண்டு, கேட்பவர்களிடம் ‘போகலாம்’ என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கின்றன. “லிங்கராஜ், நாலையும் நிப்பாட்டு!” பக்கத்து மேசையில் தட்டச்சு சடசடக்கிறது. “நிப்பாட்டிட்டேன். பச்சையப் பாத்துட்டுப் போனவன் திரும்பவா பாக்கப் போறான்?” என்கிறான் அவன், தலை நிமிராமல். திரை வெள்ளையாகிறது. கீழே கொடிக்கம்பத்துக் கயிறு படபடவென்று அடிக்கத் தொடங்குகிறது. நுஸ்ரத் எழுந்து ஜன்னலுக்குப் போகிறாள். காலையில் படகுகள் நெருக்கியடித்து நின்ற கரையில், இப்போது ஒன்றிரண்டுதான் கட்டிக் கிடக்கின்றன.