நாலாவது ஆள்

"சென்னையில குடிக்கிற தண்ணிக்கும் காசாமே! இங்க தேங்காகூட நாம விலைக்கு வாங்குனதில்ல," என்றாள் ஓமனா. கணவனுக்கு மாற்றல் வந்ததிலிருந்து அவளுக்கு இதே கவலைதான்.

"சம்பளமும் கூடுதுல்லா? மூணு பேருக்குத் தாராளமாப் போதும்," என்றான் சுயம்புராஜ்.

"நாலு பேருக்குப் பாருங்க."

அவன் முகம் மலர்ந்தது. "ஏட்டி, நந்தனாவுக்குத் தம்பியா?"

"சும்மா இருங்க." அவள் தயங்கினாள். "இங்க தக்கலையில ஒருநேரச் சோறு கடையில வாங்குனா எவ்வளவு ஆவும்?"

"முக்குக் கடையில நேத்தே பேசிட்டேன். கதீஜா உம்மாவுக்குன்னதும், வீட்டுக்கே கொண்டு குடுக்கேன்னாரு. நான் அங்க பைக்க எடுக்காம பஸ்ல போனா அந்தக் காசு ஆச்சு."

ஓமனா திகைத்து நிமிர்ந்தாள். பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும், கண் தெரியாத கதீஜா பீவிக்குத் தினமும் மதியச் சோறு கொண்டுபோகிறவள் அவள்தான். ஆனால், அந்தப் பெயரை அவள் இன்னும் சொல்லவே இல்லையே!